கடல் நடுவே செல்லாமல் போன சீட்டு

1888 செப்டம்பர் 7 அன்று ஹாங்காங்கிலிருந்து ‘பெல்ஜிக்’ என்ற நீராவிக் கப்பல் சான்பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. அதில் சே சான் பிங் என்ற சீனத் தொழிலாளி இருந்தார். அமெரிக்கா அவருக்குப் புதிய ஊரில்லை. 1875இலேயே அங்கே போய், பன்னிரண்டு வருடம் சான்பிரான்சிஸ்கோவில் வாழ்ந்தவர். 1887 ஜூனில் ஊருக்குக் கிளம்பியபோது, சட்டம் சொன்னபடி சுங்க அலுவலகத்துக்குப் போய், பெயர், வயது, தொழில், கடைசியாக வசித்த இடம், உடலில் உள்ள அங்க அடையாளங்கள் எல்லாவற்றையும் பதிவு செய்து, ஒரு சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். அந்தச் சீட்டு சொன்ன விஷயம் ஒன்றுதான்: இந்த ஆள் திரும்பி வரலாம்.

அக்டோபர் 1ஆம் தேதி பெல்ஜிக் பசிபிக் கடலில் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு வாஷிங்டனில் அதிபர் குரோவர் கிளீவ்லாண்ட் ஒரு மசோதாவில் கையெழுத்துப் போட்டார். இதுவரை கொடுத்த மறுவருகைச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாது, இனி புதிதாகவும் தரப்படாது என்றது அந்தச் சட்டம். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 8ஆம் தேதி, கப்பல் துறைமுகத்துக்குள் வந்தது. சே சான் பிங் சீட்டை நீட்டினார். சீட்டு போலி என்று யாரும் சொல்லவில்லை, ஆள்மாறாட்டம் என்றும் சொல்லவில்லை. அவர் கடலில் இருந்தபோது சட்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவரைப் போலவே அந்தச் சீட்டை நம்பி வெளியே போயிருந்தவர்கள் சுமார் 20,000 பேர். அதில் சில நூறு பேர் அந்த நேரத்தில் கடலில் இருந்தார்கள்.

இன்றைக்கு அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஏதாவது ஒரு நண்பரிடம் பேசிப் பாருங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊருக்கு வந்துட்டுப் போகணும், ஆனால் விசா முத்திரைக்குத் தேதி கிடைக்குமா, போனால் திரும்ப விடுவார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். நம் மொழியில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ‘வரேன்’ என்ற சொல்லுக்கு ஒரு அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்ற நிலை எப்போது வந்தது, எப்படி வந்தது என்று தேடிப்போனால் சே சான் பிங்கின் வழக்கில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. போகிற வழியில் இன்னொரு விஷயமும் தட்டுப்படும். குடியேற்றத்தை எதிர்ப்பது பழமைவாதம், ஆதரிப்பது முற்போக்கு என்று நாம் வைத்திருக்கும் எளிய கணக்கு அந்தக் காலத்தில் எங்குமே ஒத்துவராது.

ஆளுக்கும் சரக்குக்கும் ஒரே அலுவலகம்

கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் 1849 முதல் உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தென் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்தும் வந்தார்கள். 1860களில் சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதை போட ஆயிரக்கணக்கான சீனர்கள் மலையைக் குடைந்தார்கள். 1868இல் அமெரிக்காவும் சீனாவும் செய்துகொண்ட பர்லிங்கேம் ஒப்பந்தம், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போவதை மனிதனின் இயல்பான உரிமை என்ற அளவுக்குப் பேசியது. 1869இல் ரயில்பாதை முடிந்தது. 1873இல் பொருளாதாரம் படுத்தது. வேலை இல்லாத வெள்ளைத் தொழிலாளர்களுக்குக் கண் முன்னால் ஒரு எதிரி தேவைப்பட்டார்.

1877இல் சான்பிரான்சிஸ்கோ தெருக்களில் டெனிஸ் கியர்னி என்பவர் தொழிலாளர் கட்சி ஒன்றைக் கட்டினார். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது, சீனர்கள் போயே ஆக வேண்டும் என்பது. கியர்னி அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். பின்னாளில் சீன விலக்கை ஓயாமல் வலியுறுத்திய தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், லண்டனில் பிறந்த யூதக் குடியேறி. முதலில் வந்தவர் கதவைச் சாத்துவது என்பது பேருந்தில் ஏறியவுடன் ‘ரைட் ரைட்’ என்று குரல் கொடுப்பதைப் போல மனித சுபாவத்தில் ஊறியதோ என்னவோ.

1880இல் புதிய ஒப்பந்தம் போட்டார்கள். சீனத் தொழிலாளர் வருகையை அமெரிக்கா கட்டுப்படுத்தலாம், ஆனால் ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் விருப்பம்போல் போய் வரலாம் என்பது அதன் சாரம். 1882இல் அதை வைத்துத்தான் சீன விலக்குச் சட்டம் வந்தது. முதலில் இருபது வருடத் தடை என்று காங்கிரஸ் எழுதியது. அதிபர் செஸ்டர் ஆர்தர் அதை நிராகரித்தார். பத்து வருடம் என்று குறைத்ததும் கையெழுத்திட்டார். சீனர்களுக்குக் குடியுரிமை வழங்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. ஆக, அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, ஓட்டு இல்லாததால் அவர்களுக்காகப் பேசி எந்த அரசியல்வாதிக்கும் லாபமும் கிடையாது.

மறுவருகைச் சீட்டு பிறந்தது இந்தச் சட்டத்தில்தான். பழைய ஆள் யார், புது ஆள் யார் என்று பிரிக்க வேண்டுமே! அதற்காக வெளியே போகும் தொழிலாளிக்கு இலவசமாக ஒரு சான்றிதழ் தர வேண்டும் என்று எழுதினார்கள். அப்போது குடிவரவுத் துறை என்று தனியாக ஒன்று இல்லை. துறைமுகச் சுங்க அதிகாரிதான் இந்த வேலையையும் பார்த்தார். சரக்கு மூட்டைகளைச் சரிபார்த்த அதே அலுவலகம் மனிதர்களையும் சரிபார்த்தது.

1884இல் சட்டத்தை இறுக்கினார்கள். திரும்பி வரும் உரிமைக்கு அந்தச் சான்றிதழ் மட்டும்தான் ஆதாரம், வேறு எதுவும் எடுபடாது என்றார்கள். இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் வந்தது. சியூ ஹியோங் என்பவர் 1881இல் ஹொனலூலு போனார். அப்போது அந்தச் சட்டமே இல்லை, சான்றிதழும் இல்லை. 1884இல் திரும்பி வந்தபோது சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நடக்க முடியாத ஒன்றைச் சட்டம் ஒருவரிடம் கேட்காது என்ற அடிப்படையில் நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார். அதை எதிர்த்துக் காட்டமாக மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் ஸ்டீபன் ஃபீல்ட்.

இந்த ஃபீல்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பின்னலைக் காப்பாற்றிய நீதிபதி

ஃபீல்ட் கலிஃபோர்னியாக்காரர். ஜனநாயகக் கட்சிக்காரராக இருந்தும், 1863இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அமெரிக்கப் பழமைவாதச் சட்டச் சிந்தனையின் பெரிய தூண்களில் ஒருவர். ஒருவனின் சொத்தில் அரசாங்கம் கை வைக்கக் கூடாது, தொழில் செய்யும் சுதந்திரத்தில் குறுக்கிடக் கூடாது என்று 1873இல் கசாப்புக்கூட வழக்கில் அவர் எழுதிய மாற்றுத் தீர்ப்பு பிற்காலத்தில் ஒரு முழுச் சட்டப் பள்ளிக்கே விதையானது.

1879இல் சான்பிரான்சிஸ்கோ நகராட்சியின் ஒரு விதி அவர் முன்னால் வந்தது. சிறைக்கு வரும் ஆண்களின் தலைமுடியை ஒரு அங்குலத்துக்குக் கத்தரிக்க வேண்டும் என்பது விதி. பார்த்தால் சுகாதார விதி. ஆனால் நீண்ட பின்னல் வைத்திருந்தவர்கள் சீனர்கள் மட்டும்தான், அதை வெட்டுவது அவர்களுக்குப் பெரிய அவமானம் என்று ஊருக்கே தெரியும். ஃபீல்ட் அந்த விதியை ரத்து செய்தார். எல்லோருக்கும் தெரிந்த உள்நோக்கத்தைப் பார்க்காமல் நீதிபதி கண்ணை மூடிக்கொள்ள முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அதற்காகக் கலிஃபோர்னியாவில் கடும் வசவு வாங்கினார். 1880இல் அதிபர் வேட்பாளராக நிற்க அவர் செய்த முயற்சியும் தோற்றது.

ஆக, 1889இல் சே சான் பிங்கின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, சீனர்கள் இந்த மனிதரிடம் ஏதாவது எதிர்பார்த்திருந்தால் அதில் தப்பில்லை. அரசு கொடுத்த வாக்கை நம்பி ஒருவன் காரியம் செய்துவிட்டான், அதற்குப் பிறகு அரசு பின்வாங்கலாமா? பழமைவாதச் சட்டச் சிந்தனையின் இதயத்தில் இருக்கும் கேள்வி இது. நிலப் பட்டா கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கலாமா என்று கேட்டிருந்தால் ஃபீல்ட் துள்ளி எழுந்திருப்பார்.

தேர்தல் வருஷம்

அதற்கு முன்னால், அந்தச் சட்டம் ஏன் அவ்வளவு அவசரமாக வந்தது என்று பார்த்துவிடலாம். 1888 தேர்தல் ஆண்டு. கலிஃபோர்னியாவின் ஓட்டு இரண்டு கட்சிக்கும் தேவை. அந்த வருடம் மார்ச்சில் சீனத் தூதருடன் ஒரு புதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. புதுத் தொழிலாளர்களுக்கு இருபது வருடத் தடை. ஆனால் அமெரிக்காவில் குடும்பம் இருப்பவர்களும், 1,000 டாலர் மதிப்புக்குச் சொத்தோ வரவேண்டிய கடனோ இருப்பவர்களும் திரும்பி வரலாம். செனட் அதில் திருத்தங்களைச் செய்தது. பீஜிங் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. சீனா மறுத்துவிட்டது என்று வதந்தி கிளம்பியது. பென்சில்வேனியாவின் காங்கிரஸ் உறுப்பினர், கிளீவ்லாண்டுக்கு மிக நெருக்கமான வில்லியம் ஸ்காட், உடனே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். எதிர்த்து ஓட்டுப் போட்டால் அடுத்த தேர்தலில் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கிளீவ்லாண்ட் கையெழுத்துப் போட்ட அன்றே காங்கிரசுக்கு ஒரு செய்தியும் அனுப்பினார். சட்டம் வருவதற்கு முன்பே கப்பல் ஏறிவிட்டவர்களையாவது இறங்கவிடலாம் என்று அதில் பரிந்துரைத்திருந்தார். காங்கிரஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. மனசாட்சிக்கு ஒரு கடிதம், அரசியலுக்கு ஒரு கையெழுத்து! இவ்வளவும் செய்து நவம்பரில் கிளீவ்லாண்ட் தோற்றார். கலிஃபோர்னியாவும் அவர் கையில் கிடைக்கவில்லை.

‘உரிமை இல்லை, அனுமதிதான்’

சான்பிரான்சிஸ்கோவின் சீனச் சங்கங்களின் கூட்டமைப்பான ‘ஆறு கம்பெனிகள்’ பணம் திரட்டி, நாட்டின் மிகப் பெரிய வழக்கறிஞர்கள் சிலரை அமர்த்தியது. ஒஹையோ மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் ஹோட்லி அதில் ஒருவர். அவர்களின் வாதம் எளிமையானது. அந்தச் சீட்டு ஒரு ஒப்பந்தம். அரசு கேட்ட எல்லாவற்றையும் இவர் செய்தார். பதிலுக்கு அரசு ஒரு வாக்கைக் கொடுத்தது.

1889 மே 13 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் சே சான் பிங்குக்கு எதிராக நின்றார்கள். எழுதியவர் ஃபீல்ட்.

புதிய சட்டம் 1868, 1880 ஒப்பந்தங்களை மீறுகிறது என்பதை அவர் மறுக்கவே இல்லை. ஆனால் ஒப்பந்தமும் சட்டமும் சம நிலையில் உள்ளவை, எது பிந்தியதோ அது நிற்கும் என்றார். வெளியாட்களை உள்ளே விடுவதா வேண்டாமா என்பது இறையாண்மையின் பகுதி, அதை ஒரு அரசாங்கம் யாரிடமும் விட்டுக்கொடுக்கவோ ஒப்பந்தம் போட்டுத் தொலைக்கவோ முடியாது என்றார். சீனர்கள் இந்த மண்ணோடு கலக்காமல் அந்நியராகவே இருக்கிறார்கள், பெருங்கூட்டமாக வந்தால் அது படையெடுப்புக்குச் சமம் என்ற அன்றைய மேடைப் பேச்சும் தீர்ப்புக்குள் வந்து உட்கார்ந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் ஊரின் உள்நோக்கம் தனக்குத் தெரியும் என்று சொன்ன நீதிபதி, இப்போது காங்கிரசின் உள்நோக்கத்தை ஆராய்வது தன் வேலையில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்தச் சீட்டு? ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் வாங்கிய நிலமோ சொத்தோ ஆனால் அது அவரிடமே நிற்கும். திரும்பி வரும் வாய்ப்பு அப்படிப்பட்டதல்ல. அரசு விரும்பும்வரைதான் அது உண்டு, எந்த நேரத்திலும் திரும்பப் பெறலாம். சொத்து என்றால் உரிமை, ஆள் என்றால் அனுமதி.

இறையாண்மை பற்றிய வாதத்தை நான் தூக்கி எறியவில்லை. ஒரு நாட்டு மக்கள் தங்கள் எல்லையைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்பது நியாயமான அரசியல் கருத்துதான். அதைச் சொல்பவர்கள் எல்லோரும் வெறியர்கள் இல்லை. ஆனால் வாசலைச் சாத்துவது ஒன்று. ‘போயிட்டு வா’ என்று வழியனுப்பிவிட்டுச் சாத்துவது இன்னொன்று. முதலாவதற்கு இறையாண்மை வேண்டும். இரண்டாவதற்கு வாக்குத் தவறும் துணிச்சல் வேண்டும். ஃபீல்ட் இரண்டையும் ஒன்றாக்கினார்.

மாமாவும் மருமகனும்

1892இல் விலக்குச் சட்டத்தை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டினார்கள். கூடவே ஒரு புதிய பூட்டு. அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் ஒவ்வொரு சீனத் தொழிலாளியும் ஒரு வருடத்துக்குள் பதிவு செய்து, வசிப்புச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் பிடிபட்டால், நியாயமான காரணத்தால் வாங்க முடியவில்லை என்று நிரூபிக்க வேண்டும். குறைந்தது ஒரு வெள்ளைக்கார சாட்சியாவது வேண்டும். கலிஃபோர்னியாவின் தாமஸ் கியரி கொண்டுவந்த சட்டம் இது. ஆறு கம்பெனிகள் யாரும் பதிவு செய்ய வேண்டாம், சட்டத்தை எதிர்த்து வழக்கு நடத்த ஆளுக்கு ஒரு டாலர் கொடுங்கள் என்று அறிவித்தது. பெரும்பாலான சீனர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள். காந்தி தென்னாப்பிரிக்காவில் பதிவுச் சீட்டுகளை எதிர்த்துப் போராடுவதற்குப் பதினைந்து வருடங்களுக்கு முந்தைய நிகழ்ச்சி இது.

1893 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் செல்லும் என்றது. வெளியே நிறுத்தும் அதிகாரம் இருந்தால் வெளியேற்றும் அதிகாரமும் உண்டு என்று நீதிபதி ஹொரேஸ் கிரே எழுதினார். அதற்கு அவர் நிறுத்திய பெரிய ஆதாரங்களில் ஒன்று ஃபீல்டின் 1889 தீர்ப்பு.

எதிர்த்த மூவரில் ஃபீல்டும் ஒருவர்! உள்ளே வர விரும்புகிறவரைத் தடுப்பது வேறு, உள்ளே சட்டப்படி வாழ்கிறவரை விசாரணையின்றித் துரத்துவது வேறு, நான் அப்படிச் சொல்லவில்லையே என்று அவர் பதறினார். ஆனால் அம்பு வில்லைவிட்டுப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. வாக்கு நாணயம் என்ற ஒன்று இந்த மக்களுக்குப் பொருந்தாது என்று ஒருமுறை எழுதியாகிவிட்டால், அது எங்கே நிற்க வேண்டும் என்று எழுதியவரே பிறகு கோடு போட முடியாது.

இன்னொருவர் டேவிட் ப்ரூவர். ஃபீல்டின் அக்கா மகன். இன்று துருக்கியில் இருக்கும் ஸ்மர்னாவில், மதப் பிரச்சாரகருக்குப் பிறந்தவர். மாமாவைவிடப் பெரிய சொத்துரிமைக்காரர். இன்று இந்தச் சட்டம் யாருக்கும் பிடிக்காத சீனர்மேல் பாய்கிறது, நாளை வேறொரு வகை மக்கள்மேல் பாயாது என்று யார் சொல்ல முடியும் என்று அவர் கேட்டார். மூன்றாமவர் தலைமை நீதிபதி ஃபுல்லர், அவரும் பழமைவாதிதான்.

1905இல் இது உச்சத்துக்குப் போனது. அந்த ஏப்ரலில் ரொட்டிக்கடைத் தொழிலாளர்களின் வேலை நேரத்தைக் குறைத்த நியூயார்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. லாக்னர் வழக்கு. முதலாளிகளுக்குச் சாதகமான அந்தத் தீர்ப்பை எழுதியவர் பெக்கம், கூட நின்றவர்களில் ப்ரூவர் ஒருவர். எதிர்த்து எழுதிப் புகழ்பெற்றவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், முற்போக்காளர்களின் நாயகன். மூன்றே வாரம் கழித்து ஜு டாய் வழக்கு. சீனாவுக்குப் போய்த் திரும்பிய ஜு டாய், நான் அமெரிக்காவில் பிறந்த பிரஜை என்றார். துறைமுக அதிகாரிகள் நம்பவில்லை. நீதிமன்றம் அதை மறுபடி விசாரிக்க வேண்டுமா? வேண்டாம், அதிகாரியின் முடிவே இறுதி என்று எழுதியவர் அதே ஹோம்ஸ். ஒரு குடிமகனை நீதிமன்றம் பார்க்காமலே நாடு கடத்துவதா என்று எதிர்த்தவர் ப்ரூவர், அவரோடு சேர்ந்தவர் பெக்கம்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் பழமைவாதிகள்தான் நல்லவர்கள் என்று அடுத்த எல்லைக்கு ஓட வேண்டாம். ரயில் வழக்கில் கறுப்பின மக்களுக்காகத் தனியாக நின்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய ஹார்லன், அமெரிக்காவில் பிறந்த சீனருக்குக் குடியுரிமை உண்டா என்ற கேள்வியில் இல்லை என்ற பக்கம் ஃபுல்லரோடு நின்றார். காங்கிரசில் சீன விலக்கை விடாமல் எதிர்த்தவர் மாசசூசெட்ஸின் ஜார்ஜ் ஹோர், பழைய பாணிக் குடியரசுக் கட்சிக்காரர். 1902இல் சட்டத்தை நீட்டியபோது செனட்டில் எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு அவருடையது. எந்தக் கொள்கையும் யாரையும் தானாகவே காப்பாற்றிவிடவில்லை. தன் கொள்கை தனக்குப் பிடிக்காத ஆளுக்கும் பொருந்தும் என்று அந்தந்த நேரத்தில் ஒப்புக்கொண்ட சிலர் மட்டும் கொஞ்சம் நேர்மையாக நடந்தார்கள்.

படிக்கட்டு எத்தனை?

1894இல் சீனாவுடன் மறுபடி ஒப்பந்தம் ஆனது. குடும்பம் அல்லது 1,000 டாலர் சொத்து இருப்பவர் ஒரு வருடத்துக்குள் திரும்பலாம் என்ற பழைய விதி வந்தது. போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். காலப்போக்கில் அதற்குப் படிவங்கள் வந்தன. தொழிலாளிக்கு 432, வணிகருக்கு 431, அமெரிக்காவில் பிறந்த சீனருக்கு 430. கடைசியைக் கவனியுங்கள். குடிமகனே ஆனாலும் சீன முகம் என்றால் போகும்முன் படிவம் நிரப்ப வேண்டும்.

வோங் கிம் ஆர்க் கதை இதுதான். சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1895இல் சீனாவிலிருந்து திரும்பியபோது இறங்கவிடவில்லை. 1898இல் உச்ச நீதிமன்றம், இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன்தான் என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் பிறப்புக் குடியுரிமைக்கு அடித்தளமாக நிற்கும் தீர்ப்பு. ஆனால் அதை வென்ற மனிதரையே 1901இல் டெக்ஸாஸின் எல் பாசோவில் பிடித்து, நீ இங்கே இருக்க என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். 1910இல் அவருடைய மூத்த மகன் வந்தபோது, பதில்கள் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

1906இல் நிலநடுக்கமும் தீயும் சான்பிரான்சிஸ்கோவின் பதிவேடுகளைச் சாம்பலாக்கின. பிறப்புப் பதிவு எரிந்ததும், நானும் இங்கே பிறந்தவன்தான் என்று பலர் சொல்ல முடிந்தது. அப்படிக் குடிமகனானவர் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்ததாகப் பதிவு செய்வார். அந்த இடத்தை உறவுக்காரர் பையனுக்கோ வெளியாளுக்கோ கொடுப்பார், சிலர் விற்கவும் செய்தார்கள். ‘காகித மகன்கள்’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. சட்டம் காகிதத்தை மட்டும் நம்புவேன் என்றது. மக்கள் காகிதத்தைத் தயாரித்தார்கள்.

அதைப் பிடிக்க அரசு கேள்விகளைத் தயாரித்தது. 1910இல் திறந்த ஏஞ்சல் தீவு நிலையத்தில் வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டுக்கு எத்தனை படிக்கட்டு? வாசல் எந்தத் திசை? அரிசிக் குதிர் எங்கே இருக்கும்? உங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார்? தகப்பன் சொன்னதும் மகன் சொன்னதும் பொருந்த வேண்டும். போலி மகன்கள் கேள்வி பதில் புத்தகங்களை மனப்பாடம் செய்து, கப்பலிலிருந்து கடலில் வீசிவிட்டு வந்தார்கள். தன் வீட்டுப் படிக்கட்டை ஒருநாளும் எண்ணாத உண்மையான மகன் தடுமாறினான். உங்களையே கேட்டுப் பாருங்கள், நீங்கள் வளர்ந்த வீட்டுக்கு எத்தனை படி?

இன்னும் மிதக்கும் பெல்ஜிக்

அதே பெல்ஜிக் கப்பலில் 1891இல் நிஷிமுரா எகியு என்ற ஜப்பானியப் பெண் சான்பிரான்சிஸ்கோ வந்தார். கையில் 22 டாலர். பிறர் தயவில் வாழ நேரும் என்று சொல்லித் தடுத்தார்கள். 1892இல் உச்ச நீதிமன்றம், இப்படி வாசலில் நிற்பவருக்குக் காங்கிரஸ் தரும் நடைமுறைதான் நியாயமான நடைமுறை, அதற்குமேல் கேட்க முடியாது என்றது. அங்கேயும் தனியாக எதிர்த்தவர் ப்ரூவர்.

இந்தப் பழைய வழக்கு எப்படி நம்மைத் தொடுகிறது? 2017இல் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி, சுமார் 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். தன்னைக் கடத்திக்கொண்டுபோய் அடித்தார்கள், திரும்பினால் ஆபத்து என்று தஞ்சம் கேட்டார். அதிகாரி நிராகரித்தார். நீதிமன்றம் அதை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பழமைவாத நீதிபதி சாமுவேல் அலிட்டோ சாய்ந்து நின்ற தூண்களில் ஒன்று நிஷிமுரா எகியு வழக்கு. நூற்றிருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு ஜப்பானியப் பெண்ணுக்குச் சொன்ன பதில், அப்படியே ஒரு தமிழருக்கும் சொல்லப்பட்டது. நாளை யார்மேல் என்று ப்ரூவர் கேட்டது இதைத்தான்.

சே சான் பிங்கின் நிலையும் திரும்பத் திரும்ப வருகிறது. 2017 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை, ஏழு நாட்டவருக்குத் தடை விதித்து அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். அப்போது விமானத்தில் இருந்தவர்கள் தரையிறங்கியதும் தடுக்கப்பட்டார்கள். கிரீன் கார்டு வைத்திருந்தவர்களுக்கே அது பொருந்துமா என்று இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 19, மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை, எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தது. ஊருக்கு வந்திருந்தவர்கள் பாதியில் கிளம்பி ஓடினார்கள். புது விண்ணப்பங்களுக்கு மட்டும்தான் என்ற விளக்கம் மறுநாள் வந்தது. வந்தது நல்லது. ஆனால் அந்த ஒரு இரவில் அத்தனை பேர் விமான நிலையத்துக்கு ஓடியது ஏன்? தங்கள் கையில் இருப்பது உரிமை இல்லை, அனுமதிதான் என்று அவர்களுக்கு உள்ளுக்குள் தெரியும். ஃபீல்டின் பெயரைக் கேள்விப்படாமலே அவருடைய தீர்ப்பை அவர்கள் சரியாகப் படித்து வைத்திருந்தார்கள்.

சீன விலக்குச் சட்டங்கள் 1943இல், சீனா போரில் கூட்டாளியான பிறகு, நீக்கப்பட்டன. பதிலுக்குக் கிடைத்தது வருடத்துக்கு 105 பேருக்கு இடம். 2011இல் செனட்டும் 2012இல் பிரதிநிதிகள் சபையும் அந்தச் சட்டங்களுக்காக வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டன. சட்டம் போய்விட்டது, வருத்தமும் தெரிவித்தாகிவிட்டது. ஆனால் 1889 மே 13 அன்று வந்த அந்தத் தீர்ப்பை இன்றுவரை எந்த நீதிமன்றமும் ரத்து செய்யவில்லை. அங்கே அரசு கொடுக்கும் மறுவருகைச் சீட்டு ஒவ்வொன்றின் பின்னாலும் அது இன்னும் நிற்கிறது.